கூப்பிட்ட அம்மா

என் மகளுக்கு அப்போது நாலு வயது. மத்தியானத் தூக்கத்தில்கூடக் குறட்டை விடுவாள். திடீரென்று மூச்சு நின்றுபோகும். நான் எண்ணத் தொடங்குவேன். ஏழு, எட்டு என்று போகும்போது ஒரு கேவலோடு திரும்ப இழுப்பாள். டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் எடுத்துவிடலாம் என்று அடையாறில் ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள்.

மயக்க மருந்து டாக்டர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் யாரையும் அடையாளம் தெரியாமல் அலறுவார்களாம். அந்த நேரத்தில் காதில் அம்மாவின் குரல் கேட்டால் அமைதியாக விழிப்பார்களா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு அம்மாவின் பதிவு. மீதிப் பேருக்கு அதே வரிகளை யாரோ ஒரு பெண் பேசிய பதிவு. யாருக்கு எது என்பது உறைக்குள் இருக்கும். ஆய்வு முடியும்வரை டாக்டருக்கும் தெரியாது. சம்மதப் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டோவில் ஏறியதுமே, போட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"வீட்ல பேசற மாதிரி பேசுங்க, போதும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கோட்டூர்புரம் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் பதிவு செய்தேன். கண்ணைத் திற, நல்லா மூச்சை இழுத்து விடு, அம்மா இங்கதான் இருக்கேன். முதல் ஆறு முறையும் குரல் நடுங்கியது. அழித்துவிட்டேன். ஏழாவது சுத்தமாக வந்தது. பள்ளியில் ஒப்பித்தல் போட்டிக்கு நிற்பவள் போலப் பேசியிருந்தேன். அதைத்தான் அனுப்பினேன்.

அறுவை முடிந்து என்னை உள்ளே கூப்பிட்டபோது அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. அழவில்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

"நான்தான்டா அம்மா."

"நீ இல்ல. கூப்பிட்ட அம்மா."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஆயா சிரித்தார். "பயப்படாதம்மா. மயக்கத்துல புள்ளைங்க இன்னா வேணா பேசும். முந்தாநேத்து ஒண்ணு என்னைப் பாத்து நைனான்னுச்சு."

நானும் சிரித்தேன்.

சாயங்காலமே என்னிடம் ஐஸ்கிரீம் கேட்டாள். வலி மருந்தைத் துப்பினாள். எல்லாம் பழையபடி ஆனது. தூக்கத்தில் இப்போது சத்தமே இல்லை. அதனால் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

நாலாம் நாள், ரசம்சாதம் ஊட்டும்போது கேட்டாள், அவங்க எப்ப வருவாங்க என்று. யார் என்றேன். கூப்பிட்டாங்களே என்றாள். எப்படி இருப்பாங்க என்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உன்ன மாதிரியேதான். ஆனா பயப்பட மாட்டாங்க."

ஏதோ கனவு, நீ கிளறாமல் இருந்தால் மறந்துவிடுவாள் என்றார் கணவர். யாருடைய பதிவைப் போட்டார்கள் என்று டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார். அந்த வேறு பெண்ணின் குரல்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். காய்கறிக் கடையில் எந்தப் பெண் வாய் திறந்தாலும் என் பார்வை மகளின் முகத்துக்குப் போனது.

ஐந்து மாதம் கழித்து டாக்டரே கூப்பிட்டார். ஆய்வு முடிந்து உறைகளைப் பிரித்துவிட்டார்கள்.

"உங்க குரல்தாங்க போட்டிருக்கோம்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பதிவைப் போட்டேன். பேசியவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளிடம் அவசரமே இல்லை. மூச்சை இழுத்து விடு என்றாள். இழுத்து விட்டேன்.

ஹாலில் கிரேயான் உரசும் சத்தம் நின்றது. கதவு திறந்தது.

"வந்துட்டாங்களா?"

"அது நான்தான்டா. நான் பேசினதுதான்" என்று போனை நீட்டினேன்.

அவள் போனைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், கட்டிலின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"கொஞ்சம் நகரும்மா" என்றாள்.