பழுதான ஏசியும் அறுபது விதைகளும்

விதைகளை முளைக்க வைக்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு எங்கள் நாற்றுப்பண்ணையில் 'இருபத்தஞ்சு' என்று பெயர். வயதை வைத்து அல்ல. வயது ஐம்பதைத் தொடுகிறது. அந்த அறை இருபத்தைந்து டிகிரியை விட்டு அசையாமல் பன்னிரண்டு வருஷமாகக் காவல் காக்கிறாள். கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும், பெரிய அதிகாரி என்றும் பார்க்காமல் கடித்துக் குதறிவிடுவாள். ஸ்டோர் சாவி வைத்திருக்கும் நான் எம்மாத்திரம்.

அந்த வருஷம் அறுபது விதைகள் வந்தன. சாலையை அகலப்படுத்த வெட்டிய பழைய மரம் ஒன்றின் கடைசி விதைகள். அந்த வகையில் இந்தப் பக்கம் வேறு மரம் கிடையாது. ஈர மணலில் விதைத்து, ஐம்பது நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. மாசக் கடைசியில் விதைத் தட்டைக் கொட்டிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

போதாக்குறைக்கு ஏசியும் படுத்துவிட்டது. மெக்கானிக் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

"விதையெல்லாம் வெந்துடும். இன்னிக்காவது வருவீங்களா, மாட்டீங்களா?" என்று போனில் கத்தினாள்.

"நாளைக்குக் காலைல மொத வேலையே அதுதான்."

இப்படி ஒன்பது நாள். தகரக் கூரைக்கடியில் பகலில் முப்பத்துநாலு, விடியற்காலையில் இருபது. பத்தாம் நாள் மணலில் ஏழு முளைகள் தலைநீட்டின. மறுநாள் மொத்தம் பத்தொன்பது. விஷயம் இவ்வளவுதான்: எப்போதும் இருபத்தைந்திலேயே கிடந்த விதைக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியவில்லை. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்ட பிறகுதான் எழுந்தது. அக்கா அழுதாள், முளைக் கணக்கு எழுதும் நோட்டு நனையாமல் தள்ளிவைத்துவிட்டு.

அன்றைக்குப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் பையும் ஏணியுமாக வந்து நின்றார். அதிகாரி போட்ட சத்தம் அப்படி. சுற்றறிக்கையில் இருப்பது இருபத்தைந்து. அதை மாற்ற மூன்று மாசமாவது ஆகும். அக்கா வாசலை மறித்தாள்.

"இன்னும் நாப்பத்தோரு விதை மண்ணுக்குள்ள இருக்கு. ஏசியத் தொட்டீங்க, அப்புறம் தெரியும் சேதி."

"ஒம்பது நாளா நீதானே என் உயிர வாங்கினே?"

"இப்ப நான்தான் வேணாங்கறேன்."

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து வேலைச்சீட்டை வாங்கி, 'பார்ட்ஸ் வரவில்லை, நாளைக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில், அவள் சொல்லி அவர் உடனே செய்த முதல் வேலை அதுதான்.