கேட் திறந்ததும் வந்த புகை

என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே தசைகள் வலுவிழந்துகொண்டு வந்தன. கல்லூரியில் சேர்ந்தபோது கழுத்தும் தளர்ந்திருந்தது. கார் பிரேக் பிடித்தால் தலை முன்னால் சாய்ந்துவிடும். அதனால் எங்கள் டீசல் எஸ்யூவியின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அவளுடைய சக்கர நாற்காலி பின்பக்கம் பார்த்தபடி பூட்டிக்கொள்வதற்கு ஏற்பாடு செய்திருந்தோம். மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் கல்லூரிக்கு நான்தான் ஓட்டிப் போவேன். நான் முன்னால் பார்த்துக்கொண்டும் அவள் பின்னால் பார்த்துக்கொண்டும் பேசியபடியே போய்விடுவோம்.

அவளது இரண்டாம் வருஷம், பங்குனி வெயில். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தபோது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. பயந்துபோய் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். அளவு பார்க்கும் கம்பியின் நுனியில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. சர்வீஸ் விட்டு அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

அதற்குள் கேட் திறந்துவிட்டது. பின்னாலிருந்த பஸ்கள் ஹாரன் அடித்தன. உள்ளே அவள் முகமெல்லாம் வியர்வை. அதைத் துடைத்துக்கொள்ள அவளால் கையைத் தூக்க முடியாது. பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்து நாற்காலியோடு அவளைத் தூக்கி ஒரு கடை நிழலில் வைத்தார்கள். காரையும் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு என்னங்க?" என்று கேட்டார்.

"எனக்குக் காது கேக்கும்ங்க. என்கிட்டயே கேளுங்க" என்றாள் அவள்.

அவர் சங்கடத்தோடு சிரித்துவிட்டு, தண்ணீர் வாங்கிவந்து அவளிடமே கேட்டுக் குடிக்க வைத்தார். நான் ஆயில் கேன் வாங்கி ஊற்றி, வீட்டுக்குத் திரும்ப ஓட்டிவந்தேன்.

மெக்கானிக் காருக்கு அடியில் அட்டையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒழுகல் இல்லை. "வெளிய போகலைன்னா உள்ளதான் எரியுது சார். டர்போ குழாயில ஆயில் நனைஞ்சிருக்கு, அங்கருந்து ஆரம்பிப்போம்" என்றார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் அந்த டர்போவை மாற்றினோம். ஆனாலும் ஆயில் குறைந்துகொண்டேதான் இருந்தது. காலையில் கம்பியை உருவிப் பார்த்து ஊற்றுவது, பல் துலக்குவது போல ஒரு வேலையாகிவிட்டது. கடைசியில் அவர், "பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங் தேஞ்சு போயிருந்தா இன்ஜினை இறக்கணும் சார். வாரக்கணக்கில ஆகும்" என்றார்.

உண்மையில் நான் பயந்தது இன்ஜினுக்காக இல்லை. முன்பின் தெரியாதவர்கள் அவளைத் தூக்கியபோது அவள் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அது என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. மெக்கானிக் அப்படிச் சொன்ன அன்று மாலை அவளிடம் சொன்னேன்: "காலேஜ் போதும்மா. மீதியைத் தபால்ல படிச்சுக்கலாம்."

"கெட்டுப்போனது கார்தானேப்பா?"

நான் அவள் கழுத்துக்குப் பின்னாலிருந்த தலையணையைச் சரிசெய்தேன்.

"கார் சரியாயிட்டா அனுப்புவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"சரியானாதானே" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "புகை எப்ப வருதுன்னு மெக்கானிக் கேட்டாரா?"

"கேட்டாரு. நான் எதுவும் பார்க்கலையே."

"நான் பார்த்திருக்கேன். ஓடிக்கிட்டு இருக்கறப்ப வராது. கேட்ல ரொம்ப நேரம் நின்னு, திறந்ததும் நீங்க ஆக்சிலேட்டர அழுத்துவீங்கள்ல, அப்பதான் குப்புன்னு வரும். நீலமா. பின்னாடி வர்ற பைக்காரங்க மூக்கைப் பொத்திப்பாங்க. எல்லா வண்டிக்கும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

மறுநாள் அவளையும் ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துப் போனேன். அவள் சொன்னதையே மெக்கானிக்கிடம் திரும்பச் சொன்னாள். அவர் இன்ஜினைச் சூடாக்கி, அப்படியே வெகுநேரம் ஓடவிட்டுவிட்டு ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினார். வாசலை மறைத்துக்கொண்டு நீலப் புகை எழுந்தது. அது கலைந்தபின் மறுபடி அழுத்தினார். புகை இல்லை.

"ரிங்கா இருந்தா எப்பவும் அடிக்கும். இது மேலருந்து இறங்குது" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். "நிக்கறப்ப வால்வு வழியா ஆயில் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு சேருது. கெளம்பறப்ப எரியுது. வால்வு சீல்தான் போயிருக்கும்மா." ஆனாலும் ஊகத்தை நம்பி வேலையைத் தொடங்கவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று கம்ப்ரஷன் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ரிங் மேல் பழியில்லை. இன்ஜினின் மேல்பாகத்தை மட்டும் கழற்றினார். அதிலிருந்து எடுத்த ரப்பர் சீல்கள் வெயிலில் காய்ந்த தோல் போல இறுகியிருந்தன. ஒன்றை என் கையில் கொடுத்தார். விரலால் அழுத்தியதும் பிளந்தது.

புது சீல்கள் போட்ட பிறகும் சில வாரங்கள் காலையில் கம்பியை உருவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆயில் மேல்கோட்டிலேயே நின்றது. அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. பயம் மட்டும் இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். "எனக்கும்தான் இருக்கு. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?" என்றாள்.

அவள் படிப்பை முடித்தாள். பட்டமளிப்பு மேடைக்குச் சரிவுப் பாதை இல்லை. கல்லூரி முதல்வர் இறங்கிவந்து பட்டத்தைக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அதன்பின் மூச்சுக்கருவி இல்லாமல் தூங்க முடிவதில்லை. வெளியில் போவது நின்றுபோனது.

இப்போது வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். குரல் மெலிந்துவிட்டது. பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "கேக்கலை மிஸ், இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார்கள் பிள்ளைகள். சற்று நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, அதே வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடியும் சொல்வாள்.