கதவு திறக்கும் நேரம்

நேரம் வீணாவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் கைக்குழந்தைகளின் காதைச் சோதிப்பது என் வேலை. தூங்கும் பிள்ளையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பி ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் விடுவோம். அது மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் திரையில் ஓர் அலை எழும்பும்.

முன்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு நேரம் சத்தம் விடுவோம். பாதியில் பிள்ளை விழித்து அழுதால் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். இறக்காமத்திலிருந்து பஸ் மாறி வந்தவர்களையும் அப்படித்தான் திருப்பி அனுப்பினோம். அலை தெளிவாகத் தெரிந்ததும் இயந்திரம் தானாக நிற்கட்டும், தெரியாவிட்டால் மட்டும் கடைசிவரை ஓடட்டும் என்று டொக்டரை நச்சரித்து மாற்றியவள் நான்தான். வரிசை மளமளவென்று குறைந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வெளியே வாங்குப் பலகையில் காத்திருப்பவர்கள் கணக்குப் போடுவார்கள் என்று நான் யோசிக்கவேயில்லை. கதவு சட்டென்று திறந்தால் பிள்ளைக்குக் கேட்கிறது. தாமதமானால் ஏதோ குறை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

போன மாதம் சாய்ந்தமருது ஊர்த் தாய் ஒருத்தி மகனோடு உள்ளே வந்தாள். பிள்ளை மடியில் நன்றாகத் தூங்கியது. மற்றப் பிள்ளைகளுக்கு முடிகிற நேரமும் வந்தது. திரையில் அலை இல்லை. அவள் திரையைப் பார்க்கவில்லை, சுவர் மணிக்கூட்டையே பார்த்தாள்.

"மிஸ், போதும். கெதியா முடிச்சித் தாங்க."

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. பாதியில நிப்பாட்டினா ஒண்டும் சொல்ல ஏலாது."

"வெளியில மாமி இரிக்கா மிஸ். அவ நேரத்தப் பாத்திட்டு இரிக்கா."

சொல்லிக்கொண்டே பிள்ளையின் நெற்றிக் கம்பியைக் கழற்றினாள். அந்த அவசரத்துக்குக் காரணம் நான் கொண்டுவந்த மாற்றந்தான் என்று விளங்கியதால் நான் தடுக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

வாங்கிலிருந்து அவளுடைய மாமியார் எழும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அல்ஹம்துலில்லாஹ்! இவ்வளவு கெதியா முடிஞ்சிட்டே!"

சோதனை முடியவில்லை, திரும்ப வர வேண்டும் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் பிள்ளையை அணைத்தபடி என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அவள் இன்னும் வரவில்லை.