செம்பு வந்த துளை

சாலை போடக் குவித்திருக்கும் ஜல்லியில் ஒரு கல்லைப் பொறுக்கி, பாட்டிலைச் சாய்த்து நனைத்து, வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் செம்புக்காரர். "தண்ணி பட்டாத்தான் கல்லு மூஞ்சியைக் காட்டும்."

"காட்டட்டும். அது நான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணி" என்கிறார் மனைவி, அவர் காதோடு வாயை வைத்து. துளைபோடும் இயந்திரத்தின் இரைச்சலிலேயே பாதி ஆயுளைக் கழித்ததில் அவருக்குக் காது போய்விட்டது.

ஊரில் பலருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. ஊருக்குப் பின்னாலிருக்கும் குன்றில் மண் வெட்டியவர்கள், பாறையில் செம்புக்கு அடையாளமான பச்சைக் கறை படிந்திருப்பதாகச் சொல்லப்போக, ஒரு கம்பெனி வந்து கூடாரம் அடித்தது. கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். நீள நீளமாகக் குழி வெட்டினார்கள். கடைசியில் இயந்திரத்தோடு இவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது மீசை கறுப்பு, வாயைத் திறந்தால் ஒரே ஜம்பம்.

முதல் துளையிலிருந்து உருட்டுக் கட்டைபோல வெளிவந்த கல்லில், பொன்னிறப் பட்டை ஒன்று மின்னியது. தங்கமென்று கூடாரத்துச் சமையல்காரர் குதிக்க, "யோவ், அது செம்புய்யா!" என்று இவரும் சேர்ந்து குதித்தார். கல் அடுக்கும் பெட்டிகளில் எண் எழுத வந்திருந்த, அந்தப் பெட்டிகளைச் செய்த உள்ளூர்த் தச்சரின் மகள், மூக்கு நுனியில் பெயின்ட்டோடு சிரித்தார். அன்று முதலில் கண்ணில் பட்டது செம்பா, அந்த மூக்கா என்று இருவருக்கும் இன்றுவரை தகராறு.

சுரங்கம் வருமென்று ஊரே நம்பியது. வேலைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாமென்று தச்சர் மாடி எழுப்பினார். இரண்டாவது துளையில் பட்டை விரல் அகலம். மூன்றாவதில் நூல். நான்காவதில் வெறும் பாறை. "கண்ணு மாதிரிப்பா அது. நடுவுல தடிப்பு, ரெண்டு ஓரமும் மூடிக்கிச்சு" என்று இப்போது சுலபமாகச் சொல்கிறார். அப்போது கம்பெனியின் சாமான்கள் லாரியில் ஏறியதும் நேரே தச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கம்பெனி போகுது. நான் போகல."

தச்சர் தன் மகளைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். "ரூம் காலியாத்தான் இருக்கு" என்றார்.

அதன்பின் கிணறுகளுக்குத் துளை போட்டுத்தான் குடும்பம் நடந்தது.

போன வருடம் வேறொரு கம்பெனி வந்தது. செம்புக்காரர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தினமும் குன்றேறினார். ஒருநாள் அங்கே பொறுப்பிலிருந்த இளம்பெண் வீடு தேடி வந்தார்.

"செம்புப் பட்டை சின்னதுதான் சார். மேற்கொண்டு நீளல. பழைய துளையெல்லாம் நாளைக்கு சிமென்ட் போட்டு மூடிடுறோம்."

"மூடுங்க, மூடுங்க. ஆடு மாடு கால விட்டுடப்போகுது" என்று சிரித்தார்.

மறுநாள் சிமென்ட் மூட்டைகள் வருமுன் கணவனும் மனைவியும் மெல்ல மேலே ஏறினார்கள். முதல் துளையின் இரும்புக் குழாய் துருவேறித் தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகி எடுத்து, ஒரு சிறு கல்லை உள்ளே விட்டுவிட்டுக் குனிந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொண்ணு போடுங்க."

குழாயின் வாயில் தன் காதை வைத்துக்கொண்டு, மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கல்லை விட்டார். ஆழத்தில் அது தண்ணீரைத் தொட்ட கணத்தில், மனைவி அந்தக் கையை ஒருமுறை அழுத்தினார்.