தொப்புள் போளை

எழுபத்தெட்டுச் சூறாவளி சாய்ந்தமருதில் எங்கள் வளவுத் தென்னையைச் சாய்த்தது. அதன் வேர்க்குழிக்குள் கிடந்ததுதான் என் முதல் கண்ணாடிப் போளை, பையன்கள் உருட்டி விளையாடும் கோலிக்குண்டு. மண்ணைத் துடைத்துப் பார்த்தால், உள்ளே சிவப்பும் மஞ்சளும் நூல் முறுக்கினாற்போல் ஓடின. இரண்டு முனையிலும் விரலுக்கு நெருடும் தழும்பு. இயந்திரம் வருவதற்கு முன்பு, கண்ணாடிக் கம்பியிலிருந்து கையால் வெட்டி எடுத்த அடையாளம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குத் தொப்புள் என்று பெயர் வைத்தவள் நான்தான். தொப்புள் இருந்தால் பழசு, இல்லாவிட்டால் கடைப்போளை. எனக்கு அதில் ஒருநாளும் பிழைத்ததில்லை.

விளையாடுகிற ஆசை எனக்கில்லை, சேர்க்கிற ஆசைதான். பழைய போத்தல் வாங்க வருகிறவர், கிணறு இறைக்கிறவர், பாண்டிருப்பில் வீடு இடிக்கிறவர் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். புதிதாக ஒன்று கிடைத்தால் உம்மாவிடம் ஓடிப்போய்த் தொப்புளைக் காட்டுவேன். அவர் மீனை அரிந்துகொண்டே, "பெரிய முத்தும் மாணிக்கமும்தான், போ" என்பார். நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்.

சில வருடங்களில் எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதற்கு முதல் நாள், உம்மாவின் கண் என் போளைப் போத்தலில் விழுந்தது.

"கொமர்ப் புள்ளைக்குப் போளை என்னத்துக்கெண்டு கேட்டா நான் என்னகா சொல்ற?"

"இது என்ட வீடும்மா. மாப்பிள்ளைதான் இஞ்ச வரப்போறார். புடிக்காட்டி வராம இரிக்கட்டும்."

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். ஆனாலும் உம்மா கேட்கவில்லை. நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, போளைகளை ஒரு நெல் மூட்டைக்குள் கொட்டி வாயைக் கட்டிவிட்டார். போத்தலில் விருந்தாளிகளுக்கு விசுக்கோத்தை நிரப்பினார். இது எதுவும் தெரியாத வாப்பா, நாளைய விருந்துக்கு அரிசி வேண்டுமென்று அந்த மூட்டையையே சைக்கிளில் ஏற்றிப்போய் ஆலையில் கொடுத்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த ஆலைக்கு நடந்தேன். "நில்லுகா, மானம் போகப்போகுது" என்று உம்மா பின்னால் ஓடிவந்தார்.

ஆலைக்காரர் மெஷினை நிறுத்தி, சல்லடையில் நின்ற போளைகளை ஒரு சாக்கில் பரப்பியிருந்தார். நெல் குற்ற வந்த ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவர் மாப்பிள்ளையின் உம்மா.

"சோடாப் போத்தல் போளை போல. யார்ர இது? இல்லாட்டி வெளியில எறியப்போறன்" என்றார் ஆலைக்காரர்.

நான் வாயைத் திறந்தேன். உம்மா முந்திவிட்டார்.

"என்ட மகள்ர. சோடாப் போளையெண்டு ஆரு சொன்ன? தொப்புளைப் பாருங்க. அவ்வளவும் மிசின் இல்லாத காலத்துச் சாமான்."

பிறகு எனக்கு மாமியாக வந்த அந்த மனுசி, ஒன்றைக் குனிந்து எடுத்தார். "போளைக்குத் தொப்புளா? எங்ககா?"

உம்மா அதை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, பெருவிரலால் தடவிச் சரியான இடத்தைக் காட்டினார்.

மறுநாள் அவர்கள் வந்தபோது விசுக்கோத்து தட்டில் இருந்தது. போத்தலில் என் போளைகள் இருந்தன.