மாமாவின் பேர்

பேரைச் சொன்னால் வாய் என்ன வெந்தா போய்விடும் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நபீசாவுக்கு வெந்துதான் போகும். புருஷன் நிஜாமுதீனை அவள் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்நேரமும் "இஞ்சேருங்கோ" தான். இதில் புதுமை ஒன்றுமில்லை. ஜெர்மனியில், ஹம் நகரத்தில் அவளோடு துப்புரவு வேலைக்குப் போன கமலநாயகி அக்கா சைவ சமயத்துக்காரி. அவளும் அப்படித்தான். டாக்டரிடம் போய்ப் புருஷனின் பேரைக் கேட்டால், அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆனால் மாமனார் உதுமான் லெப்பையின் பேரை நபீசா சொல்லாமல் விட்டது வெறும் வழக்கத்துக்காக இல்லை. தகப்பன் முகமே தெரியாமல் வளர்ந்தவள் அவள். யாழ்ப்பாணம் சோனகதெருவில் தையல்கடை வைத்திருந்த அந்த மனுஷன்தான், மருமகளாய் வந்தவளை மகளாய் வைத்திருந்தார். அவளுடைய கலியாணச் சட்டையைத் தைத்ததும் அவர்தான். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் ஒலிபெருக்கியில் சொன்ன அந்த நாளில் நபீசாவுக்குக் கடும் காய்ச்சல். மாமனார் தன் தையல் மெஷினைத் திரும்பியும் பார்க்கவில்லை. மருமகளைச் சைக்கிளில் ஏற்றினார். வழியில் சைக்கிளையும் பறித்துக்கொண்டார்கள். பிறகு கையைப் பிடித்து நடத்திக்கொண்டே புத்தளம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே ஓலைக் குடிசையில், அடுத்த மழைக்கு முன்னாலேயே மௌத்தாகிப் போனார்.

அதனால்தான், ஜெர்மனிக்கு வந்து ஒரு மகன் பிறந்தபோது, களைத்துக் கிடந்த நபீசாவே முந்திக்கொண்டு சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, மாமாவின்ர பேரைத்தான் வைக்கோணும்."

நிஜாமுதீன் பிள்ளையின் காதில் பாங்கு சொல்லி, "உதுமான்" என்று மூன்று தரம் கூப்பிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆசை ஆசையாய் அவளே கேட்டு வைத்த பேர், அவள் வாயால் மட்டும் சொல்லக்கூடாத பேராய்ப் போய்விட்டது. பார்த்தீர்களா கூத்தை!

மகன் என்பாள், ராசா என்பாள், தங்கவாப்பா என்பாள். கைக்குழந்தைக்கு அது போதும். அவனுக்கு ஏழு வயதாகி, இரண்டாயிரமாம் ஆண்டில் அவர்கள் புது வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அது போதாது என்று தெரிந்தது. சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கென்று கட்டிய பழைய மாடிவீடு அது. நடுவில் ஒரு முற்றம். சுற்றிவரத் துருக்கியர், குர்துகள், பொஸ்னியாக்காரர். பின்னேரமானால் எல்லா யன்னலிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். நபீசா சமைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். எல்லாம் தெரிந்த பேர்கள்தான், ஆனால் என்னவோ செய்திருந்தார்கள். பாத்திமாவை ஃபதிமே என்றார்கள். கீழ்வீட்டுப் பொஸ்னியாக்காரர் அவ்தோ உண்மையில் அப்துல்லாஹ். ஆயிஷா சுருங்கி அய்ஷே ஆகியிருந்தாள். ஒரே புடவையை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் தங்கள் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டது போல இருந்தது.

ஒருநாள், தளபாடம் ஏற்றிவந்த லொறி ஒன்று முற்றத்துக்குள் பின்பக்கமாய் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் மகன் குந்தியிருந்து கோலி விளையாடுகிறான். நபீசா யன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்தினாள்.

"மகன்! டேய் மகன்! ராசா!"

அத்தனை பிள்ளைகளின் சத்தத்தில் அது யார் காதில் விழும்? அவள் தொண்டைவரைக்கும் அந்தப் பேர் வந்தது. வந்து நின்றுவிட்டது. அப்போது கீழ்மாடி பல்கனியிலிருந்து ஒரு குரல் முற்றத்தையே பிளந்தது.

"ஒஸ்மான்!"

பிள்ளை துள்ளி எழும்பி ஓடிவிட்டான். லொறி கோலிகளின் மேல் ஏறிப் போனது.

கத்தியவள் துருக்கிக்காரி ஹத்திஜே. சுரங்கத்தில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட ஒருவரின் விதவை. வாயும் பெரிது, மனமும் பெரிது. நேரே படியேறி வந்து நபீசாவின் கதவைத் தட்டினாள். இரண்டு பேருடைய ஜெர்மனும் நொண்டிதான்; ஆனால் ஏச்சு எந்தப் பாஷையிலும் விளங்கும்.

"நீயெல்லாம் ஒரு தாயோ? பிள்ளைக்குப் பேரில்லையோ? நான் கேட்டனான், அவன் வடிவாச் சொன்னவன். எங்கட ஊரிலை அது ஒஸ்மான். நீ ஏன் கூப்பிடேல்லை?"

நபீசா இருக்கிற சொல்லையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துச் சொன்னாள். மாமாவின் பேர். சொல்லக்கூடாது. ஏலாது. ஹத்திஜே சிரிப்பாள் என்றுதான் நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் கலியாணம் முடிச்சு வந்து, மூத்தவள் பிறந்து நடக்கிற வரைக்கும் மாமனாரோடை வாயே திறக்கேல்லை. எங்கட மலையிலை மருமகள் அப்பிடித்தான் இருக்கோணும். தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறதெண்டாலும் கையாலைதான் கேப்பன்."

அன்றைக்கு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். நபீசாவை நெஃபிசே என்று அவள் கூப்பிடத் தொடங்கியதும், அவளை அக்கா முறை வைத்து ஹத்திஜே ராத்தா என்று இவள் கூப்பிடத் தொடங்கியதும் அன்றைக்குத்தான். என்ர உம்மாவின் பேரும் கதீஜா என்று நபீசா சொன்னபோது, இரண்டும் ஒரே பேர் என்று கண்டுபிடித்து இரண்டு பேரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

இந்த முற்றத்தில் ஏன் இத்தனை மெஹ்மெத் என்று நபீசா கேட்டதும் அந்தத் தேத்தண்ணியின் போதுதான்.

"அது நபியின்ர பேர்தானே, நெஃபிசே. அதை அப்பிடியே வைச்சா, நாளைக்குப் பிள்ளையை ஏசேக்கை என்ன செய்யிறது? முகம்மதே, கழுதை எண்டு சொல்ல ஏலுமோ? அதுதான் எங்கட ஆக்கள் கொஞ்சம் வளைச்சுப்போட்டினம் எண்டு சொல்லுவினம். மெஹ்மெத் எண்டால் ஏசலாம். பேரும் அதுதான். பழியும் இல்லை."

நபீசா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். எழும்பிப் போய், யன்னலைத் திறந்து, முதலில் மெல்லமாய், பிறகு உரத்து, "ஒஸ்மான்!" என்றாள். கீழே மகன் நிமிர்ந்து பார்த்தான். வாய் வேகவில்லை. பெற்ற பிள்ளையை ஏழு வருஷமாய்ப் பேர் சொல்லிக் கூப்பிடாத தாய் அன்றைக்கு அந்த யன்னலில் நின்று அழுத அழுகை இருக்கிறதே, ஹத்திஜே ராத்தாவே பயந்துபோனாள்.

அதன் பிறகு அவள் வாய் ஓயவில்லை. ஒஸ்மான் சாப்பிட வா, ஒஸ்மான் சப்பாத்தைக் கழட்டு, ஒஸ்மான் உன்னைக் கொல்லுவன். இத்தனை நாள் கூப்பிடாததுக்கெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள். நிஜாமுதீனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எங்கட வாப்பாவைத் துருக்கிக்காரனாக்கிப் போட்டீர்."

"உங்கட வாப்பாவை நான் ஒண்டும் செய்யேல்லை. அவர் மேலை இருக்கிறார். இவன் கீழை விளையாடுறான்."

நாலு வருஷம் போக, ஹத்திஜே ராத்தாவின் மகளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அதற்கும் ஒஸ்மான் என்றே பேர் வைத்தார்கள். "உன்ர பிள்ளையைப் பார்த்துத்தான்" என்றாள் ராத்தா. அந்தக் குட்டி நடக்கத் தொடங்கிய பிறகு, நபீசா யன்னலால் கூப்பிட்டால் இரண்டு தலை நிமிரும். ஒன்று மீசை அரும்பிய தலை, மற்றது மூக்கு ஒழுகுகிற தலை. இரண்டுமே சாப்பிட மேலே வந்துவிடும்.

ஒருநாள் பெரியவன் கேட்டான். பதினாலு வயது இருக்கும். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, சாதாரணமாய்த்தான் கேட்டான்.

"உம்மா, வாப்பா ஒரு பேர் கூப்பிடுறார், நீங்க ஒரு பேர். வாப்பா கூப்பிடுறதுதானே என்ர உண்மையான பேர். ஒருக்காச் சொல்லுங்கோவன். ஒரேயொருக்கா."

"போடா. அது பெரிய ஆளின்ர பேர்."

"அப்ப நான் எப்ப பெரிய ஆள்?"

தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்ர நிக்காஹ் அண்டைக்கு. மாப்பிள்ளையா வந்து இருப்பாய்தானே, அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை உரத்துச் சொல்லுறன். இது சத்தியம்."

"அப்ப கெதியா ஒரு பொம்பிளையைப் பாருங்கோ!"

அது அந்த வீட்டின் பகிடியாகிவிட்டது. பள்ளிக்கூடம் முடிந்து, மின்சார வேலை பழக அவுஸ்பில்டுங் என்கிற பயிற்சி இடம் கிடைத்த அன்றும் கேட்டான். முதல் சம்பளத்தில் தாய்க்குக் குளிருக்கு ஒரு சால்வை வாங்கிவந்த அன்றும் கேட்டான். "சம்பளக்காரனுக்கும் இல்லையோ உம்மா?" "இல்லை, மாப்பிள்ளைக்குத்தான்." அவள் அந்தப் பேரைப் பெட்டிக்குள் நகை வைப்பது போல வைத்திருந்தாள். எடுத்துப் போட ஒரு நாள் வரும் என்று நம்பியிருந்தாள், பாவி.

இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதம். வேலைக்குச் சைக்கிளில் போனவன் கால்வாய்ப் பாலத்தடியில் உறைபனியில் சறுக்கி விழுந்தான். பின்னால் வந்த வாகனத்துக்குப் பிறேக் பிடிக்கவில்லை. யாரைக் குற்றம் சொல்ல? றோட்டு முழுக்கக் கண்ணாடியாய்க் கிடந்ததாம்.

ஆஸ்பத்திரியில் அவனைச் சுற்றி மெஷின்கள். தலை முழுக்கக் கட்டு. ஒரு தாதி, நல்ல மனுஷி, சொன்னாள்: "கதையுங்கோ. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. சிலவேளை அவையளுக்குக் கேக்கும்."

நபீசா வலப்பக்கம் இருந்து "ஒஸ்மான், ஒஸ்மான்" என்றாள். நிஜாமுதீன் இடப்பக்கம் இருந்து "உதுமான், மகன்" என்றார். கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேராய்க் கூப்பிட்டார்கள். அவன் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் வந்து இவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, மெல்லிய குரலில் நிறையக் கதைத்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு நிஜாமுதீன் கையெடுத்துக் கும்பிடாத குறையாய்க் கேட்டார்.

"நபீசா, ஒருக்கா நீரும் சொல்லும். அவன் எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டவன். உம்மட வாயாலை ஒருக்காச் சொல்லும்."

அவள் குனிந்தாள். மகனின் காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனாள். நிமிர்ந்துவிட்டாள்.

"மாட்டன். அது நிக்காஹுக்குச் சொல்லுறதெண்டு சத்தியம் பண்ணினது. இப்ப சொன்னா, அவனுக்கு நிக்காஹ் இல்லையெண்டு நானே சொல்லுற மாதிரி. மாட்டன். அவன் எழும்பட்டும்."

அவருக்குக் கோபம் வந்தது. அவளுக்கும் வந்தது. பிள்ளையின் மேலாகவே சண்டை பிடித்தார்கள். அவள் பிடிவாதம் பிடித்ததெல்லாம் பிள்ளையின் உயிரைப் பிடித்து வைக்கத்தான். பேரைக் கொடுக்காமல் இருந்தால், அதை வாங்குவதற்காகவாவது அவன் திரும்பி வருவான் என்று அந்தப் பைத்தியக்கார மனம் நினைத்தது. அவன் வரவில்லை. அடுத்த நாள் மத்தியானம், வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்க, போய்விட்டான்.

துருக்கியரின் பள்ளிவாசலில்தான் குளிப்பாட்டி, தொழுவித்தார்கள். அடக்கிய பிறகு கபுறடியில் இமாம் இருந்து தல்கீன் ஓதுவார். இறந்தவரை அவருடைய பேராலும் தாயின் பேராலும் கூப்பிட்டு, வானவர் வந்து கேட்கும் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அது. அதற்காக, பள்ளிவாசல் முற்றத்தில் பிள்ளை கிடந்த சந்தூக்கைத் தூக்குமுன் இமாம் வந்து கேட்டார்.

"பிள்ளையின்ர பேர்? தாயின்ர பேர்?"

நிஜாமுதீன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தோளைப் பிடித்திருந்தவர்களின் கையிலேயே சரிந்தார். கூட்டத்தில் நாலு பேர் ஒரே குரலில் "ஒஸ்மான்" என்றார்கள். இமாம் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினார்.

"இல்லை."

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல். ஹத்திஜே ராத்தா பிடிக்கப் பிடிக்க, நபீசா முன்னுக்கு வந்தாள். மகன் வாங்கிக் கொடுத்த சால்வை தலையில் கிடந்தது.

"உதுமான்" என்றாள்.

இமாம் இளகிய மனுஷன். "ஒண்டுதான், சகோதரி. நாங்கள் ஒஸ்மான் எண்டு சொல்லுவம். ரெண்டும் ஒரே பேர்தான்."

"ஓம், ஒண்டுதான். எனக்குத் தெரியும்." அவளுடைய ஜெர்மன் அன்றைக்கு நொண்டவில்லை. "என்ர பேரை நெஃபிசே எண்டோ என்னவெண்டோ சொல்லுங்கோ. பிள்ளையின்ர பேரை மட்டும் நான் சொல்லுற மாதிரியே சொல்லுங்கோ. அவன் இதைத்தான் கேட்டவன். உதுமான்."

இமாம் சொல்லிப் பார்த்தார். அவள் திருத்தினாள். மறுபடி சொன்னார். எல்லாருக்கும் முன்னால், உரத்து, சத்தியம் பண்ணின மாதிரியே அவள் அந்தப் பேரைச் சொன்னாள். தன் பெண்சாதியின் வாயில் தன் வாப்பாவின் பேரைக் கேட்ட நிஜாமுதீன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சந்தூக்கு போனது. பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். பொழுது சாயும் நேரம் சப்பாத்தெல்லாம் மண்ணாய்த் திரும்பிவந்த புருஷனிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சரியாச் சொன்னவரோ?"

"ஓம். நீர் சொல்லிக்குடுத்த மாதிரியே."

வசந்தம் வந்து, முற்றத்தில் பிள்ளைகளின் சத்தம் திரும்பவும் தொடங்கியது. ஒரு பின்னேரம் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, கை பழகிய பழக்கத்தில் நபீசா யன்னலைத் திறந்தாள். கீழே குட்டி ஒஸ்மான் தனியே குந்தியிருந்து கோலி விளையாடிக்கொண்டிருந்தான். அவள் யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"உதுமான்!"

குட்டி நிமிர்ந்து பார்க்கவில்லை. அது அவனுடைய பேர் இல்லை.