மூன்று ஜன்னல், நான்கு திரை

எங்கள் வீட்டில் ஜன்னல்கள் மூன்று. அம்மா தைத்த திரைகள் நான்கு. இதை யாரிடமாவது சொன்னால், ஒன்றை மாற்றிப் போடுவதற்காகத் தைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. நான்கும் ஒரே கூடத்தில் ஒரே சமயத்தில் தொங்கின.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. கரிசல் மண் வெயிலில் வாயைப் பிளக்கும், மழை பெய்தால் மூடிக்கொள்ளும். நிலம் அப்படிச் செய்வதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதன் மேல் நிற்கிற வீடும் சேர்ந்து அப்படிச் செய்யும்போதுதான் சங்கடம். எங்கள் கூடத்தின் மேற்குச் சுவரில், உத்தரத்துக்குக் கீழே தொடங்கி, ஓணான் ஓடின தடம் மாதிரி வளைந்து வளைந்து என் தலை உயரம் வரைக்கும் ஒரு விரிசல் இறங்கியிருந்தது. ஐப்பசியில் நூல் மாதிரி இருக்கும். சித்திரையில் என் விரல்கள் உள்ளே போகும். அப்பா வருஷா வருஷம் சிமெண்டு வைத்துப் பூசுவார். அது வருஷா வருஷம் பூச்சையும் பிளந்துகொண்டு வெளியே வரும். எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் இருந்தது. பலப்பக் குச்சி, புளியங்கொட்டை எல்லாம் அதற்குள்தான் பத்திரப்படுத்தியிருந்தேன். கண்ணை வைத்துப் பார்த்தால் மறுபக்கம் மேய்கிற ஆட்டின் காது தெரியும்.

அந்த விரிசலால்தான் சித்தப்பாவின் கல்யாணம் ஒரு தடவை தட்டிப்போனது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போய், "பிளந்த வீட்டுக்குப் பிள்ளையக் குடுக்க மனசு வரல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா ஊர் முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். தட்டை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அடுத்த வருஷம் பங்குனியில் கடம்பூர்ப் பக்கம் ஒரு ஊரில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் முகத்தைவிட எனக்கு அங்கே நினைவில் நின்றது தும்மல்தான். அவர்கள் கூடத்தில் ஒரு சுவரை ஒட்டி, உத்தரம் வரைக்கும் மிளகாய் வற்றல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அப்பா தும்மினார். பிறகு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பிறகு நான். சித்தப்பா தொடங்கினவர் நிறுத்தவே இல்லை. காபி கொண்டு வந்த பெண் அவரைப் பார்த்துவிட்டு, தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். யாரும் சொல்லித் தந்து செய்ததாகத் தெரியவில்லை. சித்தப்பா கண்ணும் மூக்கும் ஒழுக அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, "மூட மூடயா வத்தல். வசதியான இடந்தான்" என்றார்.

"வத்தல யாராவது கூடத்துல போடுவாவளா?" என்று அம்மா கேட்டாள்.

சித்தப்பா மறுநாளிலிருந்து தினமும் சவரம் செய்யத் தொடங்கினார். சித்திரை கடைசியில் அவர்கள் எங்கள் வீடு பார்க்க வருவதாகச் சேதி வந்ததும் சவரம் நின்றுவிட்டது. மேற்குச் சுவர் அப்போதுதான் நன்றாகப் பிளந்திருந்தது.

மாமா கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தார். உலகத்தில் எல்லாக் கஷ்டத்துக்கும் ஏற்ற துணி ஒன்று உண்டு என்பது அவருடைய எண்ணம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்பீஸ் மூட்டையோடு வந்தார். பச்சையில் சிவப்புப் பூ.

"அக்கா, இந்தச் சுவர்ல ஒரு ஸ்கிரீன் தச்சு மாட்டிரு. உள்ள ஜன்னல் இருக்குன்னு நினைச்சுக்கிடுவாவ."

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பொய் சொல்லிப் பொண்ணு எடுக்கணுமாக்கும்?"

"பொய் எங்க அத்தான் சொல்லுதோம்? துணிதான தொங்குது. அத ஜன்னல்னு நெனச்சா அவிய பாடு."

"மூணு ஜன்னல் சும்மா கெடக்க, இதுக்கு மட்டும் ஸ்கிரீன் போட்டா கேக்க மாட்டாவளா?" என்றாள் அம்மா.

"நாலுக்கும் தையி."

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அப்போது திரை கிடையாது. ஜன்னலுக்கு மரக்கதவு இருக்கும், மிஞ்சினால் ஒரு பழைய சேலையைக் கட்டியிருப்பார்கள். அம்மா மிதி மெஷினில் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தவள். ஆனால் ஜன்னலுக்குத் தைத்ததில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் முன்னால் நின்றபோது, தோளிலிருந்து தொடங்கலாமா இடுப்பிலிருந்து தொடங்கலாமா என்பதுபோல் கொஞ்ச நேரம் யோசித்தாள். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். பேச்சு வராத பிள்ளை என்று பெயர் எடுத்திருந்த எனக்கு இந்த மாதிரி வேலைகள்தான் பொருத்தம்.

மூன்று திரைகள் ஒழுங்காக வந்தன. நான்காவதைத் தைக்கும்போது அம்மா இரண்டு ஓரத்திலும் கீழேயும் துணியை அகலமாக உள்ளே மடித்து விட்டாள். ரவிக்கை தைத்தால் அப்படித்தான் விடுவாள். உடம்பு வைத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

மாமா சிரித்தார். "எக்கா, ஜன்னல் என்ன குண்டாகவா போகுது?"

"அது மூணும் ஆகாது. இது வளரும்லா" என்றாள் அம்மா, தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதற்குப் பிறகும் கொஞ்சம் துணி மிச்சம் இருந்தது. என் இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லபடியா முடியட்டும், உனக்குப் பாவாடை தச்சுத் தாரேன்" என்றாள். அன்றிலிருந்து சித்தப்பா கல்யாணத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது.

திரை மாட்டக் கம்பி வேண்டுமே. சித்தப்பா கடையிலிருந்து பழைய பிரேக் கம்பிகளைக் கொண்டு வந்தார். மூன்று ஜன்னலுக்கும் ஆணி அடித்து இழுத்துக் கட்டினார். மேற்குச் சுவரில் முதல் ஆணியை அடித்ததும் ஒரு கை அளவு பூச்சு உதிர்ந்து விழுந்தது. சித்தப்பா சுத்தியலைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"மதினி, இது வேண்டாம்" என்றார். "இருக்கத இருக்கபடியே பாத்துட்டுப் போட்டும்."

"பாத்துட்டுப் போனா திரும்ப வருவாவளா?" என்றாள் அம்மா. சித்தப்பா ஆணியை அரை சாண் தள்ளி, பழத்துக்குள் இறக்குவதுபோல் மெதுவாக அடித்தார்.

எனக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கப்பட்டது. நான்காவது திரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். யாராவது ஜன்னலைத் திறக்க வந்தால் மாமா சொல்லிக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். "கதவு மழையில ஊறி உப்பிப் போச்சு, திறக்க வராதுன்னு சொல்லுட்டி."

"மழ பேஞ்சு எத்தன மாசமாச்சு?" என்றாள் அம்மா.

மாமா கொஞ்சம் யோசித்தார். "அப்பம் இப்படிச் சொல்லு. அந்தப் பக்கம் தேன்கூடு இருக்கு, திறந்தா கொட்டிரும்."

சின்னப் பிள்ளை சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று மாமா கணக்குப் போட்டிருந்தார். அந்தச் சின்னப் பிள்ளை வாயைத் திறக்குமா என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நான் அந்த வரியை ஆட்டுக்குட்டியிடமும் அம்மிக்கல்லிடமும் தப்பில்லாமல் சொல்லிப் பழகினேன்.

காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேற்குச் சுவருக்குக் காலைதான் நல்லது, வெயில் படாது. ஆனால் பஸ் வழியில் நின்றுபோய் அவர்கள் வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. பெண்ணின் அப்பா, அம்மா, கூட இரண்டு பேர். கையில் கடம்பூர் போளிப் பொட்டலம். எல்லோரும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் சூரியன் மேற்கே இறங்கி, விரிசல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டது. மற்ற ஜன்னல்களின் திரைகளில் வெளிச்சம் சதுரமாக விழுந்திருந்தது. என் பக்கத்துத் திரையில் மட்டும் உச்சியிலிருந்து மின்னல் வெட்டினதுபோல் ஒரு கோடு. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மாமா என்னைப் பார்த்து, அதை மறைத்து நில் என்று புருவத்தால் சொன்னார். கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

"நல்ல புழுக்கமா இருக்கு" என்றார் பெண்ணின் அப்பா. "அந்த ஜன்னலயும் திறந்து விட்டா மேல்காத்து வரும்லா?"

"காத்தா?" என்றார் மாமா. "விசிறி கொண்டாரச் சொல்லுதேன். ஏட்டி, அந்த ஜன்னல்ல என்னன்னு சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சித்தப்பாவைத் தேடினேன். அவர் கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"இருங்க, நான் திறக்கேன்" என்று பெண்ணின் அம்மா எழுந்து வந்துவிட்டார். வெள்ளை மூக்குத்தி போட்ட, உயரமான பெண்மணி. திரையின் ஓரத்தைப் பிடித்தார்.

"தேனீ" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"என்ன தாயி?"

"தேனீ."

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு திரையை லேசாக விலக்கி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ரொம்ப நேரம் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது. விரிசலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். துணியின் உள்மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு திரையை முன்பு இருந்தபடியே இழுத்து விட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஆமா, பிள்ள சொல்லுதது சரிதான். தேன்கூடு இருக்கு. பெருசு. திறக்காண்டாம், கொட்டிரும்" என்றார் தன் வீட்டுக்காரரிடம்.

மாமாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. தான் சொன்ன பொய் உண்மையாகிப் போனதைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்திருக்க வேண்டும்.

காபி குடித்தார்கள். நாள் பார்ப்பதைப் பற்றிப் பேசினார்கள். புறப்படும்போது பெண்ணின் அம்மா என் அம்மாவிடம், "ஸ்கிரீன் நீங்க தச்சதா?" என்று கேட்டார்.

"ஆமா."

"உள்மடிப்பு நெறைய விட்டுருக்கிய."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "இருக்கட்டும்னு விட்டேன்."

"நல்லதுதான். பின்னால தேவப்படும்" என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் நான் செய்த முதல் காரியம், திரைக்குள் புகுந்து தேன்கூட்டைத் தேடியதுதான். விரிசலுக்குள் என்னுடைய பலப்பக் குச்சியும் புளியங்கொட்டையும் இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தேன். ஒரு ஈ கூட இல்லை. அவ்வளவு பெரியவர் பார்த்துச் சொன்னது எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று குழப்பமாக இருந்தது. அன்றைக்குச் சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு போளி அதிகமாகவே சாப்பிட்டார்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. மறுவீட்டுக்கு நாங்களும் போனோம். சித்தியின் வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் நான் தும்மலுக்குத் தயாராக மூக்கைப் பிடித்துக்கொண்டேன். தும்மல் வரவில்லை. மிளகாய் மூட்டைகள் ஒன்றுகூட இல்லை. அவை இருந்த இடத்தில் வெறும் சுவர். அந்தச் சுவரில் உத்தரத்திலிருந்து தரை வரைக்கும் ஒரு விரிசல். எங்கள் வீட்டு விரிசலில் விரல்தான் போகும். இதில் என் கையே போனது.

எனக்குப் பாவமாக இருந்தது. வற்றலை விற்றுவிட்டார்கள், இப்போது சுவர் இப்படி வெளியே தெரிகிறது, இவர்கள் வீட்டில் தையல் தெரிந்தவர்கள் யாரும் இல்லை போலும் என்று நினைத்தேன். அடுக்களையில் அம்மாவும் சித்தியின் அம்மாவும் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன். என் பாவாடைத் துணி வீட்டில் பெட்டிக்குள் அப்படியே இருந்தது, கல்யாண வேலையில் அம்மாவுக்குத் தைக்க நேரம் கிடைக்கவில்லை. அதைக் கொடுத்துவிட்டால் எனக்குப் பாவாடை கிடையாது. இருந்தாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல், ஒரு முழு வாக்கியத்தைப் பேசினேன்.

"எங்க வீட்ல ஸ்கிரீன் துணி மிச்சம் இருக்கு, உங்க சுவருக்கும் அம்மாவத் தச்சுத் தரச் சொல்லவா?"

அம்மா கையில் கத்தியோடு என்னையே பார்த்தாள். சித்தியின் அம்மா அம்மாவைப் பார்த்தார். யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை, இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சித்தியின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கிட்டே இழுத்துத் தலையைத் தடவினார்.

"அந்தத் துணி பத்தாது தாயி. எங்க வீட்டுத் தேன்கூடு ரொம்பப் பெருசு."

நான் கூடத்துக்கு ஓடிவந்தேன். எங்கள் வீட்டில் கண்ணுக்குத் தப்பிவிட்டது, இங்கேயாவது பார்த்துவிடலாம் என்று இருந்தது. கொட்டிவிடுமோ என்ற பயத்தில் விரிசலிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று காதை மட்டும் கொடுத்துக் கேட்டேன். தேனீயின் ரீங்காரம் எதுவும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களையில் அம்மாவும் அவரும் மறுபடி மறுபடி சிரிக்கிற சத்தம்தான் அந்த வழியாக வந்துகொண்டிருந்தது.